ஒன்றே முக்காலில் நின்ற ரேட்

அத்தியாயம் 6

யகோடா மேசைமேல் மூன்று பொருள்களை வைத்தாள். ஒரு கைப்பேசி. ஒரு கல்யாண மோதிரம். ஒரு வீட்டுச் சாவி.

"காலைல எந்திரிச்சுப் பாக்கறேன், இதெல்லாம் அடுப்பு மேடைல இருக்கு. ஆளக் காணோம்," என்றாள்.

ஜிக்காவின் வாயில் எதற்கும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். மோதிரத்தைப் பார்த்ததும் அது நாக்கு நுனிவரை வந்தது. காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டான். பெண்டாட்டியை விட்டு ஓடுகிறவன் மோதிரத்தை வைப்பான், கைப்பேசியை எடுத்துப் போவான். போலீசுக்குப் பயந்து ஓடுகிறவன் கைப்பேசியை வைப்பான், சாவியை எடுத்துப் போவான். மூன்றையும் வைத்துவிட்டுப் போகிறவன் எங்கேயும் ஓடவில்லை.

"உக்காரும்மா," என்றாள் தெசா.

"உக்கார நேரமில்லக்கா. ரெண்டு மணிக்குக் கமிட்டி கூடுது. அவரு வரலேன்னா குத்தம் உறுதின்னு எழுதிடுவாங்க. அது கெடக்கட்டும், எழுதட்டும். எனக்கு அவரு வேணும்."

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையின் கடைசி மேசைதான் தெசாவின் அலுவலகம். ஒரு காலத்தில் பெல்கிரேடில் ஒரு பந்தயக் கம்பெனியில் உட்கார்ந்து நாட்டிலுள்ள ஆட்டங்களுக்கெல்லாம் ரேட் போட்டவள். முதலாளியின் மகன் சொன்னபடி ஒரு ரேட்டை மாற்ற மாட்டேன் என்றதால் வெளியே வந்து, இப்போது ஊரார் கொண்டுவரும் சிக்கல்களை அவிழ்க்கிறவள். ஜிக்கா செம்பு உருக்காலையில் கிரேன் ஓட்டியவன். முதுகு போன பிறகு தெசாவுக்குக் கார் ஓட்டுகிறான். மீதி நேரத்தில் வாய் ஓட்டுகிறான்.

யகோடாவின் புருஷன் ராடிஷா, ருட்னா அணியின் கோல்கீப்பர். வாரத்தில் ஐந்து நாள் உருக்காலையில் உருகிய செம்புக் கலம் தள்ளுவான், ஆறாவது நாள் கோல் காப்பான். சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஸ்லாத்தினா அணியிடம் நாலுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அதில் இரண்டு கோல், பால் குடிக்கிற பிள்ளைகூடத் தடுத்திருக்கும். ஆட்டம் முடிந்து சட்டை மாற்றுவதற்குள் ஒரு படம் ஊரிலுள்ள எல்லாக் கைப்பேசிக்கும் போய்விட்டது. ஸ்லாத்தினா ஜெயிக்கும் என்பதற்குப் பந்தயக் கடைகளில் இருந்த ரேட், வியாழக்கிழமை மதியம் மலையிலிருந்து உருண்ட கல்லைப்போல இறங்கிய கோடு. ஜெயித்தால் ஒன்றுக்கு இத்தனை என்று கடை தருவதுதான் ரேட்; ஒரு பக்கம் பணம் குவிந்தால் அது இறங்கும். யாரோ முன்கூட்டியே தெரிந்துகொண்டு கட்டியிருக்கிறான். அப்படியென்றால் கீப்பர் விற்றுவிட்டான். இந்தக் கணக்குக்கு ருட்னாவில் யாருக்கும் பேப்பர் பென்சில் தேவைப்படவில்லை.

"நேத்து வாசல்ல நின்னு சில்லறையா எறிஞ்சாங்கக்கா. ஜன்னல்ல, கதவுல. 'இந்தா, இதையும் வாங்கிக்கோ'ன்னு. என் பொண்ணு அதப் பொறுக்கப் போனா. அவளுக்கு நாலு வயசு, தெரியல." யகோடா மூக்கைத் துடைத்தாள். "அவரு அதப் பாத்துட்டே இருந்தாரு."

"நானும் நம்ம டீம்மேலதான் கட்டியிருந்தேன்," என்றான் ஜிக்கா. "சில்லறை மிஞ்சியிருந்தா நானும் எறிஞ்சிருப்பேன். நல்லவேளை, மிஞ்சல."

தெசா அவனைப் பார்க்கவில்லை. தன் கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள்.

"ஊரே இந்தக் கோட்டப் பாத்துச்சு. எறங்கினத மட்டும் பாத்துச்சு. நின்னத எவனும் பாக்கல."

"நின்னதா?"

"ரெண்டே முக்கால்ல தொடங்குது. ஒண்ணே முக்கால்ல நிக்குது. வியாழன் ராத்திரியிலேர்ந்து சனிக்கிழமை விசில் ஊதுறவரைக்கும் அசையல." அவள் விரல் கோட்டின் தட்டையான பகுதியில் இழுபட்டது. "நூறை ரேட்டால வகுத்துக்கோ. கடைக்காரன் தனக்குன்னு சொருகி வெக்கிற பங்கக் கழிச்சுக்கோ. தொடக்கத்துல, நூறு ஆட்டம் ஆடினா முப்பத்துநாலு ஸ்லாத்தினா ஜெயிக்கும்னு ரேட் சொல்லுது. நின்ன எடத்துல, ஐம்பத்துநாலு."

"அதான் ஏறிடுச்சே அக்கா."

"ஜிக்கா, கீப்பர வெலைக்கு வாங்கியாச்சு. உனக்குத் தெரியும். கடையில இன்னும் ஒண்ணே முக்கால் குடுக்கிறான். என்ன பண்ணுவ?"

"மாமியார் வீட்டு டிவிய வித்துக் கட்டுவேன்."

"ஒண்ணரைக்கு எறங்குது."

"மாமியாரையும் வித்துக் கட்டுவேன்."

"ஒண்ணே காலுக்கு எறங்கினாலும் கட்டுவ. ஏன்னா உனக்கு அது நூத்துக்குத் தொண்ணூறு. கடைக்காரனே பயந்துபோய் அந்த ஆட்டத்தப் பலகைலேர்ந்து எடுக்கறவரைக்கும் கட்டுவ. வித்த ஆட்டத்தோட கோடு அப்படித்தான் இருக்கும், பாதாளம் வரைக்கும். இது பாதி வழியில நின்னுடுச்சு. கட்டினவனுக்கு ஸ்லாத்தினா ஜெயிக்க வாய்ப்பு கூடியிருக்குன்னு தெரியும். நிச்சயம்னு தெரியாது. ஐம்பத்துநாலுக்கு மேல அவனே நம்பல."

யகோடா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ அவரு விக்கலியா?"

"வித்திருந்தா இந்தக் கோடு நின்னிருக்காது."

"அத ஊர்ல சொல்லுங்கக்கா!"

"சொன்னா சிரிப்பாங்க. வகுத்தல் கணக்குக்காக யாரும் எறிஞ்ச கல்லத் திரும்ப எடுக்க மாட்டாங்க." தெசா வேறொரு கோட்டைத் திறந்தாள். "ஆட்டத்துல மொத்தம் மூணு கோலாவது விழும்ங்கிறதுக்கு ரேட். இதுவும் அதே மதியம் எறங்கியிருக்கு. நம்ம ஆளுங்கள்ல கோல் போடறவன் ஒருத்தனுக்குக் காய்ச்சல்னு வெச்சுக்கோ. ஸ்லாத்தினா ரேட் எறங்கும், ஆனா இது ஏறும். கோல் கொறையும் இல்ல? ரெண்டும் சேர்ந்து எறங்கினா?"

ஜிக்கா கோப்பையைக் கீழே வைத்தான். "நம்ம வலை ஓட்டை."

"வலை ஓட்டைன்னு ஒருத்தனுக்கு வியாழக்கிழமை மதியமே தெரிஞ்சிருக்கு. யகோடா, உன் புருஷனுக்கு ஒடம்புல என்ன?"

"ஒண்ணுமில்லையே. நல்லாத்தான்..." அவள் நிறுத்தினாள். வெளியே பேருந்து ஒன்று இரைந்துகொண்டு கிளம்பியது. "புதன்கிழமைலேர்ந்து என்ன எடது கையால தொடல. பொண்ணத் தூக்கல. எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"வியாழக்கிழமை மதியம் எங்க இருந்தாரு?"

"வீட்லதான். எங்க ஸ்லாவா அன்னிக்கு."

ஜிக்கா நிமிர்ந்தான். ஸ்லாவா என்றால் குடும்பக் காவல் புனிதரின் திருநாள். வியாழன், மிகாயேல் திருநாள். அந்தப் புனிதரைக் குடும்பக் காவலராகக் கொண்ட வீடு ருட்னாவில் தெருவுக்கு நாலு. வருஷத்தில் அந்த ஒரு நாள் வீட்டுக்காரன் உட்காரக்கூடாது. நின்றபடியே விருந்தாளிக்கு ஊற்ற வேண்டும், பரிமாற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்லாவா ரொட்டியை இன்னொருவனோடு எதிரெதிரே நின்று பிடித்து, மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டாகப் பிய்க்க வேண்டும். நாலு கையும் வேண்டும் அதற்கு.

"ரொட்டிய யாரோட பிச்சாரு?" தெசாவின் குரல் தாழ்ந்தது.

"பாதிரியார் வரல, அன்னிக்கு அவருக்கு ஊரெல்லாம் ரொட்டி. நான் அடுப்படில இருந்தேன், பாக்கல. கூடத்துல அப்போ ரெண்டே பேரு. ஷிப்ட் மேஸ்திரி திஹோமிர். அப்புறம் எங்க கூம் மியோட்ராக்."

"திஹோமிர்!" ஜிக்கா மேசையைத் தட்டினான். "முடிஞ்சுது. அந்தாளு கோழிச் சண்டையிலேர்ந்து பனி எப்போ விழும்ங்கிற வரைக்கும் பெட்டு கட்டுறவன். கல்லறையில படுத்தாலும் பக்கத்துக் குழியோட பெட்டு கட்டுவான்."

"கூம்?" என்றாள் தெசா.

யகோடாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா இப்படிக் கேக்கறீங்க! எங்க கல்யாணத்துக்குச் சாட்சி நின்னவரு. பொண்ணுக்கு ஞானத்தகப்பன். இந்த ரெண்டு நாள்ல எங்க வீட்டு வாசப்படி மிதிச்ச ஒரே ஆளு."

தெசா மேலே கேட்கவில்லை. ருட்னாவில் அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டால் போலீஸ் வரும். கூமைத் தப்பாகப் பேசினால் ஊரே வரும்.

"கார எடு," என்றாள். "ரொட்டி அப்புறம். மொதல்ல ஆளு."

எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ருட்னாவில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். வேலை போனவன், வீடு போனவன், பேர் போனவன், எல்லோருக்கும் கால் தானாகப் போகிற இடம் ஒன்று உண்டு.

•

பழைய சுரங்கக் குழியின் விளிம்பில் நகராட்சி வேலி போட்டிருந்தது. வேலி போட்ட அன்றைக்கே யாரோ அதில் ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டிவிட்டார்கள். ராடிஷா வேலிக்கு அந்தப் பக்கம், ஈரக் கல்மேல் உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் வெளியே தொங்கின. எத்தனையோ ஆள் உயரத்துக்குக் கீழே பச்சைத் தண்ணீர்.

"நீ கார்லயே இரு," என்று தெசா யகோடாவிடம் சொன்னாள். "உன்னப் பாத்தா வெக்கத்துலயே குதிச்சிடுவான். ஜிக்கா, நீ மொதல்ல போ."

"நானா? நான் என்ன பேசறது?"

"எப்பவும் என்ன பேசுவியோ அத."

கிரேன் கூண்டில் இருபது வருஷம் தொங்கிய ஜிக்கா, கீழே பார்க்காமல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஓட்டைக்குள் தோளை நுழைத்தான். பாதியில் ஜாக்கெட் கம்பியில் மாட்டிக்கொண்டது.

"டேய் ராடிஷா. அந்தத் தண்ணியில விழாதடா. அது பூரா செம்பு. ஒடம்பெல்லாம் முலாம் ஏறி, எடுக்கும்போது செலையாத்தான் எடுப்பாங்க. அப்புறம் மைதான வாசல்ல நிறுத்திடுவாங்க. சாவற வரைக்கும் நான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே உள்ள போகணும்."

ராடிஷா திரும்பவில்லை. "போயிடு ஜிக்கா."

"போகத்தான் பாக்கறேன். மாட்டிக்கிட்டேன். முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. நீ குதிச்சா இப்படியே தொங்கிக்கிட்டு நான்தான் சாட்சி சொல்லணும். கொஞ்சம் இரக்கம் காட்டுடா."

ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு இல்லை, ஆனால் அழுகையும் இல்லை. அந்த இடைவெளியில் தெசா வேலிக்கு இந்தப் பக்கம், ஜிக்காவுக்கு அருகே வந்து நின்றாள்.

"தம்பி, உன் எடது கையில எத்தன வெரல் ஒடஞ்சிருக்கு?"

இப்போது திரும்பினான். தாடி முளைத்த முகம், கண் உள்ளே போயிருந்தது. இடது கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ரேட் சொல்லுச்சு."

பிறகு அவனாகவே சொன்னான். புதன்கிழமை ஷிப்டில் செம்புக் கலத்தின் சங்கிலி வழுக்கி, விரல்களைக் கொக்கியோடு சேர்த்து நசுக்கியது. இரண்டு விரல், உள்ளங்கையில் ஓர் எலும்பு. கையுறையைக் கழற்றாமல் ஷிப்டை முடித்தான். விபத்தே இல்லாத மாதம் என்றால் ஷிப்டில் இருக்கிற எல்லோருக்கும் போனஸ் உண்டு. ஒருவன் காயம் என்று எழுதினால் அத்தனை பேர் போனஸும் காலி. குளிர்காலத்துக்கு விறகு வாங்குகிற பணம் அது.

"கையக் காட்டினா ஷிப்டுக்கே நாமம். காட்டலேன்னா நான் திருடன்," என்றான். "காட்டினாலும் என்ன? ஒடஞ்ச கைய மறச்சு டீமக் கவுத்தவன்னுவாங்க. அதுவும் நெசம்தானே. வலது கையால சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். சமாளிக்க முடியல."

"யார்கிட்டயும் சொல்லல?"

"பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லல."

"சொல்ல வேண்டியதில்ல. ஒருத்தன் தொட்டுப் பாத்திருக்கான். வியாழக்கிழமை உன்னோட ரொட்டி பிடிச்சவன், அது உன் பக்கம் சரிஞ்சதப் பாத்திருக்கான். மதியமே போய்க் கட்டியிருக்கான்."

ஜிக்கா கம்பியில் தொங்கியபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடைமழையில் ஒரு கடை ஷட்டரை இழுத்து மூடுகிற மாதிரி அந்த முகம் மூடிக்கொண்டது.

"யாரோட பிச்சே?"

"ஞாபகமில்ல."

"கமிட்டிக்கு வராதேன்னு உங்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

அவன் மறுபடி கீழே தண்ணீரைப் பார்த்தான். அந்தப் பார்வை ஜிக்காவுக்குப் பிடிக்கவில்லை. இதுவரை அவன் சாகத் தயங்கிக்கொண்டிருந்தான். இப்போது சாவதற்கு இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது.

"பேர் சொல்ல மாட்டேன்," என்றான் ராடிஷா. "என்னக் கொன்னாலும் சொல்ல மாட்டேன். நான் திருடன்னே எழுதிக்கட்டும்."

"சொல்ல வேணாம்," என்றாள் தெசா. "நான் கேக்கவும் மாட்டேன். ஒரே ஒரு உதவி. வந்து ஒரு ரொட்டியப் பிடி. நீ ஒத்த வார்த்தை பேச வேண்டாம்."

"எதுக்கு?"

"உன் பொண்ணு அந்தச் சில்லறைய ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்காளாம். அப்பா வந்ததும் குடுக்கணும்னு."

பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜிக்கா நினைத்தான். யகோடா அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் ராடிஷா வலது கையை ஊன்றிக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். எழுந்தபோது ஈரக் கல்லில் கால் வழுக்கியது. ஜிக்கா கையை நீட்டி, கிடைத்த சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். ஜாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு ஓட்டை வழியே பின்வாங்கும்போதும் பிடித்ததை விடவில்லை. காருக்குப் போய்ச் சேரும்வரை விடவில்லை.

பின்சீட்டில் யகோடா புருஷனின் இடது கையைப் பையிலிருந்து மெல்ல வெளியே எடுத்தாள். கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. பார்த்தாள். பிறகு இன்னொரு கையால் அவன் முதுகில் பலம்கொண்டு ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"வலிக்குது," என்றான்.

"வலிக்கட்டும்."

•

அணியின் கூடத்தில் பழைய கோப்பைகள் அலமாரியில் தூசி படிந்திருந்தன. மேசைக்குப் பின்னால் மாவட்டச் சங்கத் தலைவர், பக்கத்தில் தொழிலாளர் சார்பில் திஹோமிர். எதிரே ஐம்பது அறுபது பேர். அணியின் செயலாளர் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அந்த நாற்காலிக்காரனை வராந்தாவில் மடக்கி வைக்கச் சொல்லி ஜிக்காவுக்கு உத்தரவு.

செயலாளர், மியோட்ராக். ராடிஷாவின் கூம்.

அந்த உத்தரவைக் காரிலிருந்து இறங்கும்போதுதான் தெசா போட்டாள். "ரெண்டு பேரையும் தனித்தனியாப் பாக்கணும். நான் கூப்பிடற வரைக்கும் செயலாளர உள்ள விடாத. ரொட்டி விழற சத்தம் கேட்டாலும் விடாத." வழியில் பேக்கரியில் வாங்கிய இரண்டு வட்ட ரொட்டிகள் அவள் கையில் இருந்தன.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்று ஜிக்கா மியோட்ராக்கின் வழியில் நின்றான். "சனிக்கிழமை ஆட்டம் செல்லாதுன்னு அறிவிச்சா, என் டிக்கெட் காசு திரும்பக் கெடைக்குமா?"

"இப்போ இதுவாடா முக்கியம்? விடு, உள்ள கூடிட்டாங்க."

"உங்களுக்கு முக்கியமில்ல. என் சம்சாரம் கோழி வாங்கக் குடுத்த காசு அது. அவளுக்கு இன்னும் தெரியாது."

மியோட்ராக் மெலிந்த மனிதன். நரைத்த மீசை, நல்ல கண்கள். மைதானத்தில் கோடு போடுவதிலிருந்து பையன்களின் சட்டை துவைப்பதுவரை அவன்தான். ஜிக்காவுக்கு அவனைப் பிடிக்கும். அதனால்தான் வாய் உளறிக்கொண்டே இருந்தது.

கதவின் கண்ணாடி வழியே ராடிஷா மேசை முன்னால் நிற்பது தெரிந்தது. இரண்டு கையிலும் வேலைக் கையுறை. அவனைக் கண்டதும் கூட்டத்தில் இரைச்சல். மியோட்ராக்கும் அதே சமயத்தில் பார்த்தான்.

"வந்துட்டானா?" என்றான். "வராதன்னு சொன்னேனே. அடிச்சிடுவாங்கன்னு சொன்னேனே."

ஜிக்கா கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டான். உள்ளே தெசாவின் குரல், பிறகு திஹோமிரின் கட்டைக் குரல், "என்ன நாடகம் இது? சரி, குடு இங்க." ஒரு சுற்று. இரண்டு சுற்று. அப்புறம் ஏதோ தொப்பென்று தரையில் விழுந்தது.

"என்னடா, ஒரு ரொட்டியப் பிடிக்க முடியல உனக்கு!" என்று திஹோமிர் கத்துவது கேட்டது. கூட்டம் சிரித்தது.

ஜிக்கா கட்டிய குதிரை விழுந்துவிட்டது. திஹோமிருக்கு அந்தக் கையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"செயலாளர் ஐயா வரலாம்," என்று தெசா கூப்பிட்டாள்.

மியோட்ராக் உள்ளே போனான். விழுந்த ரொட்டியை அதற்குள் எடுத்து மேசைக்கடியில் மறைத்துவிட்டார்கள். தெசா இரண்டாவது ரொட்டியை ராடிஷாவிடம் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. கூமும் கூமும் சேர்ந்து இதப் பிச்சுக் குடுங்க. உள்ள வந்தவங்களுக்கு ஒரு வாய் குடுத்துட்டு விசாரணையத் தொடங்கலாம்னு தலைவர்கிட்டக் கேட்டேன். சரின்னாரு."

மியோட்ராக் ராடிஷாவைப் பார்த்தான். ராடிஷா தரையைப் பார்த்தான். வேண்டாம் என்று மியோட்ராக் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் கூம் ரொட்டியை நீட்டினால் வேண்டாம் என்று சொன்னவன் கிடையாது.

எதிரெதிரே நின்றார்கள். நாலு கையும் ரொட்டியைப் பிடித்தன. ஒரு சுற்று ஆரம்பித்தது. ஆரம்பித்த உடனே, ரொட்டி சரிவதற்கு முன்னாலேயே, மியோட்ராக்கின் வலது கை விளிம்பை விட்டுவிட்டு அடியில் நுழைந்தது. உள்ளங்கையை மல்லாத்தி, ராடிஷாவின் இடது கைக்குக் கீழே போய், அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டது. நோயாளிக்குத் தலையணை சரிசெய்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

ரொட்டி விழவில்லை.

முன்வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். என்ன பார்க்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

"போதும்," என்றாள் தெசா. "ராடிஷா, கையுறையக் கழட்டு."

கழற்றினான். முன்வரிசையில் ஒருவன் "ஏசுவே" என்றான்.

"புதன்கிழமை ஒடஞ்ச கை இது. பெண்டாட்டிக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியாது, அதான் இப்போ ரொட்டி கீழ விழுந்துச்சு. செயலாளர் ஐயா, கையுறை போட்டிருந்த கைக்கு அடியில உங்க கை ஏன் போச்சு?"

மியோட்ராக் தன் கையைப் பார்த்தான். அது இன்னும் ரொட்டிக்கு அடியிலேயே இருந்தது.

திஹோமிர் எழுந்தான். "எந்த ஷிப்டுலடா ஒடஞ்சுது?"

"நம்ம ஷிப்டுலதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"போனஸ்..."

"போனஸ் கெடக்குது கழுதை!" திஹோமிரின் கழுத்து நரம்பு புடைத்தது. "நான் பெட்டு கட்டித் தோத்ததுல பாதி இருக்காது அது. கைய ஒடச்சுக்கிட்டு எங்களுக்கு வெறகு வாங்கித் தரியா நீ?" அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது.

"நான்தான் கட்டினேன்," என்றான் மியோட்ராக். யாரும் கேட்காமலேயே சொன்னான். "வாழ்நாள் பூரா தோத்தவன் நான். ஒரே ஒரு தடவை, எனக்கு மட்டும் ஒண்ணு தெரிஞ்சுது. தெரிஞ்ச பெறவு கை சும்மா இருக்கல. பக்கத்து ஊர்க் கடைகளுக்கெல்லாம் போனேன். இந்தச் சின்ன லீக்குல யாரும் கட்டறதில்ல, நான் கட்டக் கட்ட ரேட் எறங்கிக்கிட்டே போச்சு."

"ஒண்ணே முக்கால்ல ஏன் நிறுத்தினீங்க?" தெசா கேட்டாள். "கையில இன்னும் காசு இருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சு." அவன் முதல்முறையாக ராடிஷாவின் முகத்தைப் பார்த்தான். "அதுக்கு மேல தைரியம் வரல. ஒடஞ்ச கையோட நின்னாலும் இவன் பாதிப் பந்தாவது புடிச்சிடுவான். எனக்குத் தெரியும். இவன் ஆட்டத்த விடற ஆளில்ல."

தெசா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். அவள் எதையும் விளக்கவில்லை. விளக்க ஒன்றும் மிச்சமில்லை. ராடிஷா விற்கவில்லை என்பதற்கு அவனைக் காட்டிக்கொடுத்தவனே சாட்சி சொல்லிவிட்டான். தலைவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். நேற்று சில்லறை எறிந்தவர்கள் தங்கள் தொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராடிஷா ரொட்டியின் தன் பக்கத்தை வலது கையால் பிடித்து இழுத்தான். கொஞ்சமே பிய்ந்து வந்தது. பெரும்பகுதி மியோட்ராக்கின் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது.

"வெச்சுக்குங்க," என்றான். "அடுத்த வருஷ ரொட்டிக்கு நான் பாதிரியாருக்காகக் காத்திருக்கேன், கூமே."

யகோடா வாசலில் நின்றிருந்தாள். அவன் அவளிடம் போய் நின்று வலது கையை நீட்டினான். அவள் பையைத் துழாவி மோதிரத்தை எடுத்தாள்.

ஜிக்கா ஏதாவது சொல்வான் என்று தெசா காத்திருந்தாள். அவன், மேசைக்கடியில் கிடந்த முதல் ரொட்டியை எடுத்து, தூசியைத் தட்டி, ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு காரை எடுக்கப் போனான்.